வாட்ஸ்அப் சாட்டை அரசாங்கம் படிக்க முடியுமா?

வாட்ஸ்அப் சாட்டுக்கு எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் என்ற பூட்டு உண்டு. அதாவது, அனுப்புபவரின் போனில் பூட்டப்படும் செய்தி பெறுபவரின் போனில்தான் திறக்கும். சாவி அந்தப் போன்களில் மட்டும் இருக்கிறது, வாட்ஸ்அப் நிறுவனத்தின் சர்வரில் இல்லை. அதனால் நீதிமன்ற உத்தரவு வந்தாலும் செய்தியைத் திறந்து கொடுக்க நிறுவனத்தால் முடியாது.

ஒட்டிய கடிதத்தைத் தபால்காரர் படிக்க முடியாது. ஆனால் யார் யாருக்குப் போட்டார் என்பது உறைமேலேயே தெரியுமே! அதுபோல, உங்கள் நம்பர், ஐபி முகவரி (உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்), கடைசியாக ஆன்லைன் வந்த நேரம் போன்றவை சட்டப்படி கேட்டால் கிடைக்கும். இந்தியாவின் 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகள் இன்னும் மேலே போய், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரையே காட்டச் சொல்கின்றன. இது அதிகப்படி என்பது என் கருத்து. ஒருவரைப் பிடிக்க எல்லோருடைய செய்திக்கும் அடையாளம் ஒட்ட வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

பெரிய ஓட்டை பேக்கப்தான், அதாவது சாட்டின் சேமிப்பு நகல். கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும் நகலுக்கு இந்தப் பூட்டைத் தனியாகப் போட வேண்டும்: செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், அதில் ‘எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்’. பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வைக்கலாம். போனும் தொலைந்து, பாஸ்வேர்டும் மறந்தால் பேக்கப் போனது போனதுதான். எதிர்முனையில் இருப்பவர் இதைச் செய்யவில்லையென்றால் அதே சாட் அவருடைய பேக்கப்பில் பூட்டில்லாமல் கிடக்கும்.

“போலீஸ் சாட்டை எடுத்துவிட்டது” என்று செய்தி வந்தால் என்கிரிப்ஷனே உடைந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கைப்பற்றிய போனிலிருந்தோ, பேக்கப்பிலிருந்தோ, குரூப்பில் இருந்த இன்னொருவரிடமிருந்தோ எடுத்ததாகத்தான் இருக்கும்.