கார் கேள்வி-பதில்: முழு சார்ஜ்தான், ஆனால் கிலோமீட்டர் ஏன் குறைகிறது?

கேள்வி: எங்களிடம் 2021 மாடல் டொயோட்டா ராவ்4 பிரைம் இருக்கிறது, சார்ஜ் போட்டும் ஓட்டலாம், பெட்ரோல் எஞ்சினும் உள்ள பிளக்-இன் ஹைப்ரிட் கார். டொராண்டோ பக்கத்தில் ஸ்கார்பரோவில் இருக்கிறோம், வீட்டிலேயே சார்ஜ் போடுகிறோம். மின்சாரத்தில் மட்டும் 68 கிலோமீட்டர் ஓடும் என்று சொன்னதால்தான் வாங்கினோம். கோடையில் முழு சார்ஜில் 75-க்கு மேல்கூடக் காட்டியது. இந்த ஜனவரியில் அதே முழு சார்ஜில் 50-ஐத் தாண்டுவதில்லை, ஹீட்டரைப் போட்டதும் அதுவும் சட்டென்று இறங்கிவிடுகிறது. சில நாள் காலையில் சார்ஜ் நிறைய இருக்கும்போதே எஞ்சினும் ஓட ஆரம்பிக்கிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பேட்டரியைச் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கார் காட்டுகிறதே, முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெட்ரோல் முள் டேங்கில் இருப்பதை அளந்து காட்டுகிறது, இது அப்படி இல்லை. பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தை, சமீபத்தில் நீங்கள் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதோடு சேர்த்துப் போடும் கணிப்புதான் அது. போன மாசச் செலவைப் பார்த்து இந்த மாச பட்ஜெட் போடுவது மாதிரி. அதனால்தான் நேற்று 401 நெடுஞ்சாலையில் 120-இல் போய்வந்தவருக்கு இன்று காலை எண் குறைந்திருக்கும், வாரம் முழுக்க பள்ளிக்கூடம், கடை என்று ஊருக்குள்ளேயே நிதானமாக ஓட்டியவருக்கு ஏறியிருக்கும், இரண்டு பேர் காரிலும் பேட்டரி ஒரே நிலையில் இருந்தாலும் சரி. 100-இலிருந்து 120-க்குப் போனாலே காற்றின் எதிர்ப்பு சுமார் 44 சதவீதம் கூடிவிடுகிறது.

அந்த 68-ம் சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுத்த எண்தான். இதே காருக்கு அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ-யின் சோதனை கொடுத்தது 42 மைல், அதாவது 68 கிலோமீட்டர். ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனையில் 75 வந்தது, நகர ஓட்டத்துக்கு மட்டும் பார்த்தால் 98. ஒரே கார், ஒரே பேட்டரி. டபிள்யூஎல்டிபி சோதனை நடப்பது 23 டிகிரியில், ஏசியும் ஹீட்டரும் போடாமல். ஜனவரி மாத ஸ்கார்பரோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி ஹீட்டர். பெட்ரோல் காரில் எஞ்சின் எப்படியும் வீணாக்கும் சூட்டைத்தான் உள்ளே அனுப்புகிறார்கள், அதனால் அதற்கென்று தனிச் செலவு தெரிவதில்லை. மின்சாரத்தில் ஓடும்போது அந்தச் சூடு கிடையாது, பேட்டரிதான் கொடுக்க வேண்டும். உங்கள் காரில் ஹீட் பம்ப், அதாவது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இழுத்துத் தரும் கருவி, இருப்பதால் சாதாரண மின் ஹீட்டரைவிடச் சிக்கனம்தான், ஆனால் வெளியே குளிர் கூடக் கூட அதன் திறனும் இறங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியின் கொள்ளளவு 18.1 கிலோவாட்-மணி, கரண்ட் பில் பாஷையில் 18.1 யூனிட், அதிலும் பேட்டரியின் ஆயுளுக்காக ஒரு பங்கைக் கார் தொடாமல் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். உறைந்து கிடக்கும் காரைச் சூடாக்க 3 கிலோவாட் போகிறது என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் ஒன்றரை யூனிட் காலி. 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் என்று பார்த்தால் ஏழெட்டு கிலோமீட்டர் அங்கேயே போய்விட்டது. இடையில் நான்கு இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் கார் ஆறிப்போய் மறுபடி சூடாக்க வேண்டி வந்தால் இன்னும் மோசம். ஹீட்டரைப் போட்டவுடன் எண் இறங்குவதும் இதற்காகத்தான், வரப்போகும் செலவைக் கார் முன்கூட்டியே கழித்துவிடுகிறது. அணைத்துப் பாருங்கள், திரும்ப ஏறும்.

குளிரின் மற்ற வேலைகளும் உண்டு. லித்தியம்-அயன் பேட்டரியின் உள்தடை, அதாவது உள்ளே மின்சாரம் ஓடுவதற்கு இருக்கும் தடை, கூடுகிறது, பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரத்தை முழுதாக வாங்கிக்கொள்ள முடிவதில்லை, மைனஸ் 20-இல் காற்று பிளஸ் 20-இல் இருப்பதைவிட ஏறக்குறைய 15 சதவீதம் அடர்த்தியாகிறது, டயர் காற்றும் ஒவ்வொரு 5 அல்லது 6 டிகிரிக்கும் ஒரு பிஎஸ்ஐ அளவுக்கு இறங்குகிறது. குளிர்கால டயருக்கு உருளும் தடையும் அதிகம்.

என்னைக் கேட்டால், கார் கம்பெனிகள் இந்தக் கிலோமீட்டரைச் சின்னதாகப் போட்டு, மீதி சார்ஜ் எத்தனை சதவீதம் என்பதைப் பெரிதாகக் காட்ட வேண்டும். தேவையில்லாத பயம் பாதி குறைந்துவிடும்.

பேட்டரியை நிஜமாகவே சோதிக்க வேண்டுமானால் ஜூன் வரை பொறுங்கள். மிதமான வெயில் நாளில், வழக்கமான பாதையில், சார்ஜ் தீர்ந்து எஞ்சின் வரும் வரை எத்தனை கிலோமீட்டர் போகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். பிறகு காலியிலிருந்து முழுசாக ஏற எத்தனை யூனிட் பிடித்தது என்பதை சார்ஜர் காட்டினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வருஷாவருஷம் லேசாகக் குறைவது இயல்பு. கோடையிலும் பழைய அளவு வராமல் நன்றாகவே குறைந்தால் அப்போது சர்வீஸில் பேட்டரியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அதுவரை, கிளம்புவதற்கு முன் சார்ஜர் செருகியிருக்கும்போதே காரைச் சூடாக்கிவிடுங்கள், அந்தச் செலவு பேட்டரிக்குப் பதிலாகப் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தில் போய்விடும். அப்புறம் சீட் ஹீட்டரை நன்றாகப் பயன்படுத்துங்கள், கார் முழுவதையும் சூடாக்குவதோடு ஒப்பிட்டால் அது இழுப்பது மிகக் கொஞ்சம்.

எஞ்சின் விஷயமும் கோளாறு இல்லை. வெளியே சுமார் மைனஸ் 10-க்குக் கீழே போனால், ஹீட்டர் போட்டிருக்கும்போது சூட்டுக்காக எஞ்சினை ஓட்டும்படிதான் இந்தக் காரை வடிவமைத்திருக்கிறார்கள். ஹீட்டரை அணைத்து சீட் ஹீட்டரோடு போனால் பெரும்பாலும் எஞ்சின் வராது. ஆனால் முன்கண்ணாடி மங்கினால் கொஞ்சம் பெட்ரோல் போகிறதே என்று பார்க்காதீர்கள், உடனே ஹீட்டரைப் போடுங்கள்.