அடையாள அட்டைத் திருத்தம் பற்றி

சகோதரி, பிறப்பில் பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழும் உங்கள் தம்பியின் அடையாள அட்டையில் பெண்பெயரே இருப்பதால் கிளிநொச்சியில் வேலை மறுக்கப்பட்டதாகவும், "இது மனநோய்" என்று பெரியப்பா சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். பெரியப்பாவுக்கான விடை எளிது: உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் இது மனநோய்களுள் இல்லை. அட்டையின் விடயம்தான் சற்று நீளமானது. சுகாதார அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, உளநல வைத்திய நிபுணர் மதிப்பீடு செய்து வழங்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு முதலில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும், அதன் பின்னரே அடையாள அட்டையையும் திருத்த வேண்டும். அந்தச் சான்றிதழ் கையில் இல்லாமல் கிராம அலுவலரிடம் போனால், எங்கள் ஊரில் நடந்ததுபோல, ஊர்க்கதைதான் மிஞ்சும். பாடசாலைச் சான்றிதழ்களின் பெயர் தனி வேலை. பிறப்புப் பத்திரம் திருந்தியதும் அதைத் தொடங்கச் சொல்லுங்கள்.