கீமோ நடக்கும்போது முள் சீத்தா கஷாயம் குடிக்கலாமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், மூன்று கீமோ முடிந்திருக்கிறது, சித்தி முள் சீத்தா இலையைக் காயவைத்துக் கொண்டுவந்து தினமும் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்கிறார், 'கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியம்' என்று வாட்ஸ்அப்பில் வேறு வந்ததாம். கொடுக்கலாமா?

வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

அந்தப் பத்தாயிரம் மடங்கு கட்டுக்கதை இல்லை. 1996-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் முள் சீத்தா விதையிலிருந்து பிரித்த ஒரு பொருளை, ஆய்வகத்தில் வளர்த்த பெருங்குடல் புற்றுநோய்ச் செல்கள்மேல் போட்டுப் பார்த்த கணக்கு அது. ஆள் யாருக்கும் கொடுத்துப் பார்த்ததில்லை. விதை என்றதும் உங்களுக்கே ஒன்று ஞாபகம் வரும்: நம் ஊரில் சீத்தா விதையை அரைத்துப் பேனுக்குத் தேய்ப்பார்கள், கண்ணில் பட்டுவிட்டால் சிவந்து, வீங்கி, கருவிழியே புண்ணாகிவிடும். சீத்தா குடும்பத்துச் செடிகளில் இருக்கும் அசிட்டோஜெனின் என்ற வேதிப்பொருள்கள் செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகின்றன, அது புற்றுநோய்ச் செல்லா நரம்புச் செல்லா என்று பார்ப்பதில்லை. கரீபியனில் குவாடலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் கூடுதலாகத் தெரிந்ததை 1999-லேயே எழுதிவிட்டார்கள், அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

செடியில் மருந்தே கிடையாது என்று நான் சொல்லவில்லை. வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வந்தது, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிறோம். ஆனால் அதைப் பிரித்தெடுத்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தக்குழாயில் ஏற்றுகிறோம். கஷாயத்தில் அந்த அளவு எங்கே இருக்கிறது? ஒரு நாள் இலை முற்றல், மறுநாள் கொழுந்து.

சரி, பழம்? முள் சீத்தாவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், சதையிலும் அதே பொருள் உண்டு. கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் தாராளமாகக் கொடுக்கலாம். மாட்டுத்தாவணியில் முழுப் பழமாக வாங்கி, ஓடுகிற தண்ணீரில் கழுவி, வீட்டிலேயே நறுக்குங்கள். கீமோ போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளையணு குறைந்திருக்கும், தள்ளுவண்டியில் நறுக்கி வைத்த பழம் அப்போது ஆகவே ஆகாது. பம்ப்ளிமாஸும் வேண்டாம், சில கீமோ மருந்துகளை உடம்பு கரைக்கும் வேகத்தையே அது மாற்றிவிடும்.

அப்புறம், அம்மா ஏற்கெனவே குடித்திருந்தால், எத்தனை நாள், எவ்வளவு குடித்தார் என்று எழுதி, அந்த இலையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அடுத்த கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.