1822 மொரிஷியஸ் பதிவில் 'மலபார்': பாட்டனார் ஒப்பந்தக் கூலியா?

மொரிஷியஸ் பதிவில் உங்கள் பாட்டனாரை 'மலபார்' என்று எழுதியது 1822 என்றால், அவர் ஒப்பந்தக் கூலியாக இருக்க முடியாது. அந்த ஏற்பாடு நிலைபெற்றது 1834 நவம்பரில் இந்தியக் கூலிகளோடு அட்லஸ் கப்பல் வந்த பிறகுதான்.

அடிமையாக இருந்திருக்கலாம். கரும்புத் தோட்ட அடிமைகள் என்றாலே ஆப்பிரிக்கர் என்று நினைத்துவிடுகிறோம். மொசாம்பிக், மடகாஸ்கர் ஆட்கள்தான் அதிகம், சரி. ஆனால் முன்பு அந்தத் தீவை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுபோனார்கள்.

லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1817 முதலான அடிமைப் பதிவேடுகள் இருக்கின்றன. முதலாளி பெயரை வைத்துத் தேடுங்கள். பாட்டனார் பெயர் பிரெஞ்சுப் பெயராக மாறியிருக்கலாம்.

ஒன்று, 'மலபார்' என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கேரளம் என்றும் அர்த்தமில்லை! புதுச்சேரியிலிருந்து சுதந்திரமாகப் போன கொத்தனார், தச்சர்களையும் அப்படித்தான் எழுதினார்கள். மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் 'மலபார் முகாம்' என்றே அவர்களுக்குத் தனிக் குடியிருப்பு இருந்தது.