செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் மட்டும்தானா? வேறு என்ன விசேஷம்?

1888-இல் ராதாகிருஷ்ணன் பிறந்ததால் அது ஆசிரியர் தினம். 1997-இல் அன்னை தெரசா மறைந்ததும் இதே நாளில்தான். ஆனால் எங்கள் திருநெல்வேலிச் சீமைக்கு இது முதலில் வ.உ.சி. பிறந்த நாள்.

1872-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் அவர். வெள்ளைக்காரனின் கப்பல் கம்பெனிக்கு எதிராக 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். அப்புறம் தூத்துக்குடியில் வெள்ளைக்காரர் நடத்திய கோரல் மில் என்ற நூற்பாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கும் துணை நின்றார். 1908 மார்ச் 12-இல் அவரைக் கைது செய்ததும் மறுநாள் நெல்லையே கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தீர்ப்பு இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்த அந்த மனிதரின் பிறந்த நாளையும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்றே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.