இச்சியோன் பீங்கான் விழாவுக்குப் போகிறீர்களா? கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: ஏப்ரல் கடைசியில் சியோல் போகிறோம். இச்சியோன் பீங்கான் விழாவுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது, உடையாமல் எப்படிக் கொண்டுவருவது?

பதில்: தாராளமாக ஒதுக்கலாம். சமீப ஆண்டுகளில் விழா ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி மே முதல் வாரம் வரை நடக்கிறது. மே 5 அங்கே குழந்தைகள் தினம், பொது விடுமுறை. அன்று போனால் கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது. வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

ஊர்ப் பெயரில் கவனம் வேண்டும். விமான நிலையம் இருக்கும் இஞ்சியோன் வேறு. இச்சியோன் சியோலுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. சியோலின் காங்நாமில் ரயிலேறி, பாங்கியோவில் கியோங்காங் பாதைக்கு மாறி, ஷின்துன்தோயேசோன் நிலையத்தில் இறங்குங்கள். வழிக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து விழா நடக்கும் யேஸ் பார்க்குக்கு டாக்சி.

யேஸ் பார்க் என்பது குயவர்களின் பட்டறைகளும் கடைகளும் சேர்ந்த கிராமம். விழாப் பந்தல்களோடு நின்றுவிடாமல் பட்டறைகளுக்குள் நுழையுங்கள். முதலில் செலடான் பாருங்கள். கொரியாவைப் பழங்காலத்தில் ஆண்ட கொரியோ அரச மரபின் காலத்துப் பச்சைப் பீங்கான் அது. மேலே பூசும் கண்ணாடி போன்ற மெருகில் உள்ள சிறிதளவு இரும்பு, சூளையில் காற்றைக் குறைத்துச் சுடும்போது அந்தச் சாம்பல் கலந்த பச்சையைத் தருகிறது. ஒரு கொக்குச் சித்திரத்தைக் கிட்டத்தில் பாருங்கள்: அது தீட்டியது அல்ல. ஈர மண்ணில் செதுக்கி, பள்ளத்தில் வெள்ளை மண்ணையும் செம்மண்ணையும் அப்பி, மிச்சத்தைச் சுரண்டி எடுத்தது. வெந்ததும் செம்மண் கறுப்பாகிவிடும். இந்த வேலைக்கு சங்காம் என்று பெயர்.

வாங்கும்போது நான் எந்தக் கிண்ணத்தையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். மேல்பக்கம் எல்லாரும் அழகாகச் செய்வார்கள். அடிவளையத்தில்தான் குயவரின் கை தெரியும். அங்கே மண்ணைச் சீவியது சீராக இருக்கிறதா, மேசையில் வைத்தால் ஆடாமல் நிற்கிறதா பாருங்கள். பிறகு, மண்பானை வாங்குவதுபோலவே, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு விரலால் சுண்டிப் பாருங்கள். சத்தம் மங்கலாக இருந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். மெருகின்மேல் வலைபோல ஓடும் மெல்லிய கோடுகள் வேறு. அவை குறை அல்ல. நாளாக ஆகத் தேநீர்க் கறை அதில் இறங்கும், கொரியர்கள் அதை ரசிப்பார்கள். விலை அதிகமாகத் தெரிந்தால் விறகுச் சூளையில் சுட்டதா என்று கேளுங்கள். அந்த உழைப்புக்கு அந்த விலை தகும்.

சக்கரத்தில் நீங்களே ஒரு கிண்ணம் வனையலாம். ஆனால் அது காய்ந்து, இருமுறை வேகப் பல வாரம் ஆகும். வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மதியம் இச்சியோன் அரிசிச் சோறு சாப்பிடாமல் வராதீர்கள், அந்த ஊர் அரிசிக்குத் தனிப் பெயர் உண்டு.

விமானத்தில் பீங்கான் கைப்பையில்தான் வர வேண்டும். தேநீர்க் குடுவை என்றால் மூடியைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், மூக்குக்குள் துணியைத் திணிக்காமல் வெளியே தடிமனாகச் சுற்றுங்கள்.