பந்தைக் கொடுத்தார்கள், ஆட்டம் போயிற்று

கேள்வி: லொஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் எங்கள் மாமாவுக்கு பேஸ்போல் என்றால் உயிர். 1995இல் டொட்ஜர்ஸ் அணி ரசிகர்களுக்கு இனாமாகப் பந்து கொடுத்து ஆட்டத்தையே இழந்ததாம். இன்றும் அதைச் சொல்லித் திட்டுகிறார். என்னதான் நடந்தது? எங்கள் தோட்டத்துக் கிரிக்கெட் போட்டிக்கும் 200 டெனிஸ் பந்து கொடுக்க இருக்கிறோம். கொடுக்கலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: மாமாவின் கோபம் நியாயம்தான். 1995 ஆகஸ்ட் 10, எதிரணி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். வாசலிலேயே பந்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டத்தின் நடுவிலேயே சிலர் எறியத் தொடங்கினார்கள். கடைசிச் சுற்றான 9ஆவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸ் 2–1 எனப் பின்தங்கியிருந்தபோது, அவர்களுக்காக அடிக்க வந்த ரவுல் மொன்டெசி ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பு). அவர் வாதாட, நடுவர் வெளியே அனுப்பினார். மேலாளர் டொமி லசோர்டாவும் வெளியேற்றப்பட்டார். அவ்வளவுதான், பந்து மழை! வெற்றியை நடுவர்கள் கார்டினல்ஸுக்கே கொடுத்துவிட்டார்கள். கூட்டத்தை அடக்குவது சொந்த மைதான அணியின் பொறுப்பு. எறியாமல் மடியில் வைத்திருந்தவருக்கும் தோல்விதான். எரிச்சல் ஆறாதது அதனால்தான். (1974இல் கிளீவ்லண்டில் 10 சதத்துக்கு பியர் விற்று, குடித்த ரசிகர்கள் கலவரம் செய்ததால் 5–5 என்றிருந்த ஆட்டத்தைத் தொலைத்தார்கள். அதற்கு யாரைக் குறை சொல்வது!)

நீங்கள் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் வாசலில் வேண்டாம். வரும்போது இலக்கமிட்ட டோக்கன். பரிசளிப்பு முடிந்த பிறகு பந்து. 200 பந்துக்கு 190 டோக்கன் போதும், மிச்சம் பழுதான பந்துக்கு மாற்று. டோக்கன் தீர்ந்ததும் உடனே ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். டோக்கன் இருந்தும் பந்து கிடைக்காதவர்தான் வருடக்கணக்கில் மனதில் வைத்திருப்பார். ஒரே பிள்ளை தொப்பி மாற்றிக்கொண்டு நாலு தடவை வரும். பெயரையும் லயத்து இலக்கத்தையும் கொப்பியில் எழுதிக்கொண்டே கொடுங்கள்.

ஆட்டப் பந்து மஞ்சள் என்றால் இனாம் பந்து வேறு நிறமாக இருக்கட்டும். ஒரே நிறமென்றால், தேயிலைச் செடிக்குள் போன பந்துக்குப் பதிலாக எவரோ புதுப்பந்தை எறிவார், நடுவருக்குத் தலைவலி. மேட்டில் நிற்பவர் எறிவது கீழே வேகமாக வந்து விழும் என்பதால் அந்தப் பக்கம் இரண்டு தொண்டர்களை நிறுத்துங்கள்.

பின்னேர மழையில் சாதாரணப் பேனை மை கரையும், போல்பொயின்ட்டால் எழுதுங்கள். ஆட்டம் மழையால் நின்றால் மறுநாள் காலைப் பெரட்டில் (வேலைக்குப் போகுமுன் தொழிலாளர் கூடும் இடத்தில்) பந்து கிடைக்கும் என்பதையும் டோக்கனிலேயே எழுதிவிடுங்கள்.